ஆறு ஊர் தாண்டி

கிளிநொச்சிப் பெரியாஸ்பத்திரியில்
பதினொரு நாள் கிடந்து வந்தவரின் வாயில்
மிஞ்சியிருந்தது ஒரு பாதை மட்டும்.

தண்ணி என்று வராது.
நோகுது என்று வராது.
நான் ஆர் என்று கேட்டால்
தெரியும் என்பது கண்ணில் வந்து நிற்கும்,
நாக்கு வேறெங்கோ போய்விடும்.
ஆனால் தொடக்கிவிட்டால் போதும்,
பாதை பூட்டியிருந்த காலம் கழித்து இருபது வருசம்
வவுனியா பஸ்ஸின் மிதிபலகையில் நின்று
கூவின கூவல் தடக்காமல் ஓடும்:
இரணைமடுச் சந்தி, முறிகண்டி, கொக்காவில்,
மாங்குளம், கனகராயன்குளம், புளியங்குளம்,
ஓமந்தை, தாண்டிக்குளம், வவுனியா.

பார்க்க வந்த சனம்
காது கேளாதவருக்குக் கத்துவது போலக் கத்தினது.
சிலர் அவரை முன்னால் வைத்துக்கொண்டே
என்னிடம் கேட்டார்கள்,
"ஆளுக்கு விளங்குதோ?"

கிளினிக்கில் சிந்துஜா மிஸ் சொன்னவ:
ரேடியோவை நிப்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ.
முகத்துக்கு நேரே இருங்கோ.
ஒரு நேரத்தில் ஒரு கேள்வி.
அவர் தேடுற சொல்லை
நீங்கள் முந்தி எடுத்துக் குடுத்திடாதேங்கோ,
மனதுக்குள் பத்து எண்ணுங்கோ.

முதல் மூன்று மாதமும்
எனக்கு ஆறுக்கு மேல் எண்ண வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஒட்டி மீன் குழம்பு.
ஒரு வாய் வைத்தவர் கோப்பையைத் தள்ளிவிட்டு
இரணைமடுவில் வெளிக்கிட்டார்.
முறிகண்டியில் கச்சான் வாங்கவும் நிற்கவில்லை,
கொக்காவில், மாங்குளம்,
ஏற ஆளில்லாத பஸ் மாதிரி ஒரே ஓட்டம்,
கனகராயன்குளம்,
புளி.
அதிலேயே நின்றுவிட்டார்.
புளி. புளி.
விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன்.
குழம்புக்குப் புளி விட மறந்திருந்தேன்.

அன்றைக்குத்தான் விளங்கியது
ஒரு சொல் எடுத்துவர இந்த மனிசன்
எவ்வளவு தூரம் போய் வருகிறார் என்று.

பிறகு ஓமந்தையை உடைத்து
ஓம் எடுத்தோம்.
தேத்தண்ணி வேணுமோ என்றால்
ஆறு ஊர் தாண்டி வரும், ஓம்.
அதற்குள் ஆறிவிடும். ஆறட்டும்.
அதே ஓமந்தையில் ஒரு காலம்
பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைப் பிடித்தபடி
கேட்டதற்கெல்லாம் ஓம் சொன்னவர்கள்தான் நாங்கள்.

இல்லை என்பதற்கு
அந்தப் பாதையில் தரிப்பு இல்லை.

ஆவணியில் தமையன் அரியரத்தினம் வந்தார்,
வட்டக்கச்சிக் காணிக் கடுதாசியோடு,
மைப்பெட்டியும் கையில்.
"தம்பி, விப்பமோ?"
ஆறு ஊர். ஓம்.
"கேட்டியோ தாட்சாயணி, ஓம் எண்டுறான்."
நான் கேள்வியைத் திருப்பிப் போட்டேன்,
விக்காமல் வைச்சிருப்பமோ?
ஆறு ஊர். ஓம்.
அரியரத்தினம் சிரித்தார்,
சிரித்தபடி வழங்காத கையின் பெருவிரலைப் பிடித்தார்.

மற்றக் கை எழும்பியது.
கட்டில் இரும்பில்
ஒரு தட்டு.

பஸ்ஸில் போய்வந்த ஆருக்கும் தெரியும்:
இரண்டு தட்டினால் எடு,
ஒன்று என்றால் நிப்பாட்டு.
அரியரத்தினத்துக்கும் தெரியும்.
தேத்தண்ணி குடிக்காமலே போனார்.
அவருடைய மோட்டச்சைக்கிள்
கேற்றடியில் இரண்டு தரம் நூர்ந்து பிறகுதான் பிடித்தது.

அன்றிரவு கரண்ட் இல்லை.
நுளம்புவலைக்குள் இருந்து சத்தம்,
மெதுவாக, ஒவ்வொரு ஊராக.
ஓமந்தையையும் கடந்து வந்தார், ஓம் சொல்லாமல்.
தா
என்று நின்றார்.

தாண்டிக்குளமோ,
தண்ணி தா என்பதோ,
ஏழு மாதமாய் ஆரும் கூப்பிடாத மாதிரிக்
கிடந்த என் பேரோ.

செம்புக்குப் போன கையை இழுத்து
மடியில் வைத்தேன்.
இருட்டில் அவர் வாய் திறந்திருப்பது
மூச்சில் தெரிந்தது.

ஏழு.
எட்டு.